தம்பிக்கு அப்பா தேர்ந்தெடுத்த தாய்மொழி

நம் வயதுக்காரர்கள் யாரிடமாவது எஸ்பெராந்தோ என்று சொல்லிப் பாருங்கள். வாயுக்கோளாறுக்கு ஏதோ மாத்திரை என்று நினைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் நாலு வருஷம் அது சட்டமாக இருந்தது. அந்தச் சட்டத்தால் ஒரு தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. அன்றைக்கு எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

எஸ்பெராந்தோ ஒரு பாஷை. நூறு வருஷத்துக்கும் முன்னால் ஐரோப்பாவில் ஒரு கண் டாக்டர் உட்கார்ந்து உண்டாக்கியது. இலக்கணம் கொஞ்சம்தான், விதிவிலக்கே கிடையாது, ஒழுங்காகப் படித்தால் ஆறு மாதத்தில் பேசலாம். அவரவர் வீட்டில் அவரவர் மொழியைப் பேசட்டும், அடுத்த நாட்டுக்காரனோடு மட்டும் இதைப் பேசட்டும் என்பது அந்த டாக்டரின் எண்ணம். அதில் முதல் பாதியை எங்கள் அப்பா சௌகரியமாக மறந்துவிட்டார்.

அப்பாவுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. இங்கிலீஷில் எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவார். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதை மேனேஜர் நடித்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைப்பாராம். கல்லூரிக் காலத்தில் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போய் முதுகில் தடியடியும் வாங்கியிருக்கிறார். ஒரு மொழி தலைமேல் உட்கார்ந்திருந்தது, இன்னொன்று உட்காரப் பார்த்தது. இந்த நிலையில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி ஒன்று இருக்கிறது, அதைப் பேசும்போது யாரும் யாருக்கும் கீழே இல்லை என்று எங்கோ படித்ததும் மனுஷர் அப்படியே விழுந்துவிட்டார். தபாலில் பாடம் வரவழைத்துப் படித்தார். அந்த மொழியில் அவர் பேசும்போது குரலே வேறு மாதிரி இருக்கும், நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். அதைக் கண்ணால் பார்த்திருப்பதால் அவரை முழுசாகத் திட்ட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அந்த மொழிக்காரர்களின் அடையாளம் பச்சை நட்சத்திரம். பித்தளையில் செய்த ஒன்றை அப்பா சட்டைப் பையில் குத்திக்கொண்டு பஸ்ஸில் போவார். கண்டக்டர்கள் எல்லாம் மரியாதையாக, "எந்தக் கட்சி சார்?" என்று கேட்பார்கள். அப்பா அடுத்த நிறுத்தம் வரை விளக்கம் சொல்வார். அந்தப் பேட்ஜ் எங்கே போயிற்றோ, வீடு மாறும்போது தேடினேன், கிடைக்கவில்லை.

மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் குளியலறை. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்குக் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் எதைச் சொன்னாலும் அவளுக்கு வேதம். அப்பாவிடம் அந்த மொழியைக் கற்று, சீக்கிரமே அவரைவிட வேகமாகப் பேசினாள். நானும் கற்றுக்கொண்டேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் ஒட்டவில்லை, அவளும் ஒட்டவைக்க முயலவில்லை.

அந்த மொழிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். நாலு பேர் கூடியிருக்கும்போது ஒருவர் தன் சொந்த மொழியில் பேசிவிட்டால் அவரை முதலை என்பார்கள். வேடிக்கைக்குத்தான், உலகம் முழுக்க இருக்கிற வேடிக்கை. அப்பா அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றியதிலிருந்து தமிழ் வாயில் வந்தால் முதலை. "குரொக்கொதீலோ!" என்று அத்தை கை தட்டுவாள். பெரும்பாலும் அம்மாதான் மாட்டுவாள். குழம்பைக் கிளறிக்கொண்டே உப்பு எடு என்று சொன்னதற்காக ஒருத்தியை முதலை என்று சொல்லிச் சிரித்தால் அது எத்தனை நாளைக்கு வேடிக்கையாக இருக்கும், சொல்லுங்கள். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போது தம்பி பிறந்தான்.

ஐரோப்பாவில் சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கு இதையே தாய்மொழியாக ஊட்டி வளர்க்கிறார்கள் என்று அப்பா படித்திருந்தார். நம் ஊரில் ஏன் ஒரு பிள்ளை அப்படி வளரக் கூடாது என்று ஆரம்பித்தார். அஞ்சு வயது வரை அவன் காதுபட வீட்டில் யாரும் தமிழ் பேசக் கூடாது, தமிழ் எங்கே போகிறது, பள்ளிக்கூடம் போனால் தானாக வரும் என்றார். அம்மா பிள்ளை பெற்ற உடம்போடு படுத்திருந்தாள். அவளிடம் சம்மதம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் பச்சைத் தாளில் பெயர் எழுதி ஒட்டினார். கதவில் போர்தோ, கண்ணாடியில் ஸ்பெகூலோ, பானையில் போத்தோ. சமையல்கட்டில் ஒட்டியவை ஆவியில் உரிந்து சாம்பாரில் விழுந்தன. தம்பிக்கு அப்பா பாச்யோ, அம்மா பான்யோ. அம்மாவும் அப்பாவும் சண்டை போட வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போய்த் தமிழில் போட்டுவிட்டு வருவார்கள். ஊரிலிருந்து அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வந்தால் அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மருமகனைத் தொடக்கூட விடாத வீட்டுக்கு எவன் வருவான்? மாமா வருவதை நிறுத்திவிட்டார். அம்மா பிள்ளையைத் தூங்க வைக்கும்போது உதட்டை மூடிக்கொண்டு வெறும் ராகத்தை மட்டும் முனகுவாள்.

அப்பா தனக்கும் சலுகை கொடுத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தம்பி இடுப்பில் இருந்தால் தெருவில்கூடத் தமிழ் பேச மாட்டார். காய்கறி வண்டிக்காரரிடம் விரலால் காட்டுவார், தலையாட்டுவார். அந்த ஆள் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கப்பாவுக்குப் பொறவியிலேயே வாய் வராதா பாப்பா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

நாலு பக்கமும் தமிழ் காதில் விழுகிற சந்து அது. கோயில் ஒலிபெருக்கி, பால்காரர், கைப்பம்பு அடியில் நடக்கும் சண்டை, எல்லாம் தமிழ். அங்கே வளரும் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று படித்த மனுஷர் எப்படி நம்பினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நம்ப ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

உங்களில் மெட்ராஸில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் குழாய்த் தண்ணீர் எப்படிப்பட்ட பொருள் என்று. எங்கள் வீட்டுக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். சொட்டு சிந்தினாலும் அம்மா என் தலையில் குட்டுவாள். அப்படிப்பட்டவள், தம்பியைக் குளிப்பாட்டும்போது மட்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டு குழாயை முழுக்கத் திறந்துவிடுவாள். வாளி நிரம்பி வழிந்து சாக்கடைக்குப் போகும். அத்தை வெளியே நின்று சத்தம் போடுவாள். ஒருநாள் ரிப்பனைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். கதவின் கீழ்ச் சந்தில் காதை வைத்தால் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல். இது கை, இது கால், இது தொப்பை, இந்தத் தொப்பைக்குள்ளே யாரு இருக்கா? பதிலுக்குத் தம்பியின் குரல். கணீரென்று தமிழ். தோசை இருக்கு என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மா அவனை ஒரு செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டாள். அப்பா அவனுக்கு வைத்தது நம்பிக்கை என்று பொருள்படும் அந்த மொழிப் பெயர். இது அம்மா வைத்தது.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். தம்பியைத் துண்டில் சுற்றிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். மறுநாளிலிருந்து தம்பி குளிக்கும் நேரத்தில் அத்தையிடம் பேச்சுக் கொடுத்து அவளை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போவது என் வேலை ஆயிற்று. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

தம்பிக்கு நாலு வயதானபோது அப்பா அந்த மொழியின் பத்திரிகை ஒன்றுக்கு அவனைப் பற்றி எழுதிப்போட்டார். அதைப் படித்துவிட்டு ஐரோப்பாவிலிருந்து ஒரு தம்பதி டிசம்பரில் பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. தம்பிக்குப் பச்சைச் சட்டை வாங்க வேண்டும், தீபாவளித் துணியோடு அதையும் எடுத்துவிடலாம் என்று எல்லோரையும் தி.நகருக்குக் கிளப்பினார்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ரங்கநாதன் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுத் துணியின் கஞ்சி வாசனை, மல்லிகைப்பூ, மழை பெய்து மிதிபட்ட சேறு, மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போதெல்லாம் திமுதிமுவென்று இறங்கும் ஜனம். அம்மாவும் அத்தையும் ஒரு புடவைக் கடைக்குள் போனார்கள். அப்பா, தம்பி, நான் மூவரும் பிளாட்பாரத்தில் ஒரு சட்டைக் கடைமுன் நின்றோம். தம்பியின் கை அப்பாவின் கையில் இருந்தது.

அப்பாவுக்கு வேண்டியது பச்சைச் சட்டை, நாலு வயதுக்கு, காலர் வைத்தது. வாயால் சொன்னால் ஒரு நொடி. தம்பி பக்கத்தில் இருக்கிறானே! கடைக்காரன் நீலத்தை எடுத்தான். அப்பா தலையை ஆட்டி, பக்கத்துக் கடை வாசலில் கட்டியிருந்த வாழை இலையைக் காட்டினார். அவன் பெரிய சட்டையை எடுத்தான். அப்பா இன்னும் சின்னது என்று காட்ட இரண்டு கையையும் தூக்கி அளவு காட்டினார், பிறகு கழுத்தைத் தொட்டுக் காலர் காட்டினார். நான் அந்த நாடகத்தை யாராவது பள்ளிக்கூடத்துப் பெண்கள் பார்க்கிறார்களா என்று நாலா பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கையைக் கீழே இறக்கியபோது பிடித்துக்கொள்ளக் கை இல்லை.

முதலில் அவர் நம்பவில்லை. கடையின் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு அரை மணி நேரம் தெரு முழுக்க ஓடினார். "வேனு! வேனு!" என்று கத்தினார். அந்த மொழியில் அதற்கு வா என்று அர்த்தம். ஜனங்கள் என்ன கண்டார்கள்? வேணு என்ற பிள்ளை காணோமாம் என்று தெரு முழுக்கச் சேதி பரவி, மீசை அரும்பிய ஒரு வேணுவை நாலு பேர் இழுத்துவந்து அப்பா முன் நிறுத்தினார்கள். அப்பா அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பையனே பயந்துபோனான்.

தெருமுனையில் போலீஸ்காரர்கள் பந்தல் போட்டு மைக் வைத்திருந்தார்கள். காணாமல் போன பிள்ளைகளுக்காகவே அது. அங்கே ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு மூச்சு இரைத்தது.

"பையன் இன்னா பேசுவான் சார்? பேரு கேட்டா சொல்லுவானா?"

"தமிழ் பேச மாட்டான்."

"தெலுங்கா? உருதா?"

"எஸ்பெராந்தோ."

"அது எந்த ஊரு பாஷை?"

"எந்த ஊருக்கும் சொந்தம் இல்ல. எல்லா ஊருக்கும் பொது."

ஏட்டு கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "புள்ளைய காணோம்னு வந்துகீற, வெளாட்றியா சார்?"

அப்பா விளக்க ஆரம்பித்தார். கண் டாக்டர், பொது மொழி, எல்லாம் வந்தது. ஏட்டு பாதியில் நிறுத்தி, நாலு வயசுப் பையன், தமிழ் தெரியாது என்று மைக்கில் சொல்லிவிட்டு, வயர்லெஸ்ஸில் மற்ற பந்தல்களைக் கூப்பிட்டார். பாண்டி பஜார் பக்கத்துப் பந்தலிலிருந்து ஒரு பெண் போலீஸின் குரல் கரகரவென்று வந்தது.

"இங்க ஒரு பையன் கீறான் சார். அந்த வயசுதான். ஆனா தமிழ் நல்லா பேசினுகீறான். கதையா சொல்றான். ரொம்ப நேரமா யாரும் வர்ல. புள்ளைங்க இல்லத்து வேன் வந்துனுகீது, ஏத்தி உட்ருவோம்."

ஏட்டு அப்பாவைப் பார்த்தார். "உங்க புள்ளையா பாரு சார்."

"இல்ல. அது என் பையன் இல்ல" என்றார் அப்பா. யோசிக்கவே இல்லை.

அது தம்பியாகத்தான் இருக்க வேண்டும். வாயைத் திறந்தால் அம்மாவின் குளியலறை ரகசியம் அப்பா காலடியில் விழும். திறக்காவிட்டால் தம்பி வேனில் ஏறிவிடுவான். பத்து வயதுப் பெண்ணுக்கு இது என்ன சோதனை என்று இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. நல்லவேளை, மைக்கில் கேட்டுவிட்டு அம்மாவும் அத்தையும் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, பாண்டி பஜார், தமிழ் பேசுகிற பையன், வேன் என்று காதில் கொட்டினேன்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. நேரே ஏட்டிடம் போனாள்.

"ஐயா, அந்தப் பையன் பேரு என்ன சொன்னான்னு கேளுங்க."

"உங்க வூட்டுக்காரரு இல்லன்னுட்டாரேம்மா."

"அவருக்குத் தெரியாது. கேளுங்க."

ஏட்டு கேட்டார். வயர்லெஸ் கரகரத்தது. அம்மா குளியலறையில் கூப்பிடும் அந்தப் பெயர், ஊர் கேட்க, போலீஸ்காரியின் வாயிலிருந்து வந்தது.

"என் பிள்ளைதான்" என்றாள் அம்மா. "வேன்ல ஏத்தாதீங்கன்னு சொல்லுங்க."

"அது யாரு பேரு?" என்றார் அப்பா.

"அண்ணி!" என்றாள் அத்தை.

"அவனுக்குத் தமிழ் தெரியும். பிறந்ததுலேர்ந்து நான் பேசிட்டுத்தான் இருக்கேன்" என்று அம்மா சொன்னாள். "திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க. இப்ப வாங்க."

உஸ்மான் ரோட்டில் அந்தக் கூட்டத்தில் ஆட்டோ எங்கே நகரும்? ஓடினோம். அம்மா முன்னால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. நான் அவள் பின்னால். அத்தை ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். எல்லோருக்கும் கடைசியில் அப்பா வந்தார். அவருக்கு ஓட முடியாமல் இல்லை. திரும்பி அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது, பிள்ளை கிடைக்க வேண்டும் என்றும், அந்தப் பிள்ளை தன் பிள்ளையாக இருக்கக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொள்கிறாரோ என்று எனக்குப் பட்டது. நாலு வருஷம் கட்டிய வீடு அல்லவா.

இன்றைக்குக் கைப்பேசியை நீட்டினால் ஜப்பான்காரனும் நாமும் பேசிக்கொள்ளலாம். அப்பா இருந்திருந்தால் அந்தப் பேசிக்கு முதலாளி எந்த நாட்டுக்காரன் என்று கேட்டிருப்பார். கேள்வி நியாயமானதுதான். அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே நியாயமானவை. பதிலுக்கு மட்டும் ஒரு பச்சைப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

பாண்டி பஜார் பந்தலுக்கு வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். தம்பி அதில் இல்லை. பந்தலுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. அம்மா சட்டென்று நின்று, கையை நீட்டி எங்களையும் நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பாவும் வந்து நின்றார். மேஜைமேல் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டு தம்பி பேசிக்கொண்டிருப்பதை முதுகுப் பக்கமாகப் பார்த்தோம். அப்பா தன் மகனின் தமிழை அன்றுதான் கேட்டார்.

"உங்கப்பா இன்னா வேல பண்றாரு கண்ணு?" என்றாள் பெண் போலீஸ்.

"தெரியல. எங்கப்பாவுக்குத் தமிழ் தெரியாது."

"அடப் பாவமே. அப்ப கடை கண்ணிக்குப் போனா?"

"கையைக் கையைக் காட்டுவாரு. அவங்களுக்குப் புரியாது. அப்பாவுக்கு அழுகை வர மாதிரி இருக்கும்." மறுபடி காலை ஆட்டிக்கொண்டே, "நல்ல அப்பா" என்று சேர்த்துக்கொண்டான். "அதான் அவருகிட்ட அவரு பாஷையிலயே பேசுவேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்படி ஒரு எண்ணம் அவனுக்குள் இருப்பது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவின் வளையல் சத்தம் கேட்டுத் தம்பி திரும்பினான். "பாச்யோ!" என்று மேஜையிலிருந்து குதித்து ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். யானை பொம்மை வைத்திருந்த ஒருவர் பின்னால் போனதையும், யானை தொலைந்துபோனதையும் அந்த மொழியில் படபடவென்று சொன்னான். அப்பா அவன் தலைமேல் கையை வைத்தபடி நின்றார்.

பெண் போலீஸ் எழுந்து வந்தாள். "சார், இது உங்க புள்ளதானா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் தம்பி அவளைப் பார்த்துக் கையைக் காட்டி, "இருங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்றான். பிறகு அண்ணாந்து, நீங்கள் என்னுடைய அப்பாதானா என்று இந்த அம்மா கேட்கிறாள் என்று அந்த மொழியில் பிசிறில்லாமல் மொழிபெயர்த்தான். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத இருவருக்கு நடுவில் நின்று எடுத்துச் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்றுதானே அப்பா அவ்வளவும் செய்தார். அந்தப் பிள்ளை பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றது.

அப்பா மண்டி போட்டு உட்கார்ந்து அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். கண் அவன்மேல் இருந்தது.

"ஆமாம்மா" என்றார். "இவன் என் பையன்தான்."

தம்பி அப்பாவின் வாயையே பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தெருவே கேட்கும்படி கத்தினான்.

"அம்மா! அம்மா! அப்பாவுக்குத் தமிழ் வந்துடுச்சு!"